மேனுவல் சிவிக்கில் ஆட்டோமேட்டிக் இசியுவை மாட்டலாமா?

அமெரிக்காவில் 1992 முதல் 1995 வரை விற்ற ஹோண்டா சிவிக்கின் ஆட்டோமேட்டிக் இசியுவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மேனுவல் கியர் காரில் மாட்டினாலும் இன்ஜின் பெரும்பாலும் ஓடும். ஆனால், மேனுவல் காரில் இல்லாத லாக்-அப் சோலனாய்டை (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலுள்ள மின் வால்வை) தேடும் இசியு, செக் இன்ஜின் விளக்கை எரியவிடும்.

சோதிப்பதற்கு, பயணியின் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழுள்ள இருமுனை சர்வீஸ் கனெக்டரைச் சிறு கம்பியால் இணைத்து, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். செக் இன்ஜின் விளக்கில் ஒரு நீண்ட மினுக்கும் ஒன்பது குறு மினுக்குகளும் வந்தால், அது அந்தச் சோலனாய்டுக்குரிய 19ஆம் குறியீடு.

அப்படியே ஓட்டலாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏற்கெனவே எரியும் விளக்கு, நாளை ஆக்சிஜன் சென்சார் பழுதானால் உங்களுக்கு எதையும் உணர்த்தாது. ஆகவே, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குப் பொருந்தும் மேனுவல் இசியுவையே மாட்டுங்கள்.