‘உனக்காகத்தானே மலை ஏறுறோம்’: வளர்ந்த பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

விடிவதற்கு முன்பே தேனி மாவட்டம் கம்பம் ஊரில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கூலி வேலைக்குத் தூக்குவாளியோடு ஏறினால் கம்பம்மெட்டு தாண்டி கேரளத்து இடுக்கி ஏலத்தோட்டம். திரும்புவதற்குள் இருட்டிவிடும். வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை, துணைக்கு ஒரு அப்பத்தா. பல வீடுகளில் பெற்றோரும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேச ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு மணி நேரத்தையும் நாம் எப்படிக் கெடுத்துக்கொள்கிறோம் என்று பார்ப்போம்.

முதல் தவறு, சொல்லிக்காட்டுவது. “உனக்காகத்தானே அட்டைக்கடி பட்டு மலையில கெடக்கோம், நீ இப்படி மார்க் வாங்கிட்டு வர்ற.” சொல்கிறவருக்கு அது ஆதங்கம். கேட்கிற பிள்ளைக்கு ‘நான் இந்த வீட்டுக்குப் பாரம்’ என்றுதான் விழும். பெற்றோரின் கட்டுப்பாட்டில் இரண்டு வகை உண்டு என்று உளவியலாளர் பிரையன் பார்பர் 1996இல் எழுதினார். எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பது ஒரு வகை. குற்றவுணர்வை ஏற்றியும், பாசத்தை நிறுத்தியும் மனசையே பிடித்து ஆட்டுவது இன்னொன்று. பதின்வயது மனச்சோர்வோடு அதிகம் சேர்ந்து வருவது இந்த இரண்டாவதுதான்.

பேசாமல் இருப்பதும் அதில் சேர்த்திதான். அடிக்கவில்லை, திட்டவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் டியூஷனுக்கு மட்டம் போட்டதற்காக என் மகனிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவன் தன் தட்டோடு என் தட்டையும் கழுவி வைத்திருந்தான். திருந்திவிட்டான் என்று பெருமைப்பட்டேன். உண்மையில் அன்றிலிருந்துதான் அவன் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்தியிருந்தான்.

அடுத்தது, பக்கத்தில் இல்லையே என்ற குற்றவுணர்வில் போனை வாங்கிக் கொடுத்துவிட்டு எதையும் கேட்காமல் விடுவது. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார்: வெறும் அதிகாரம், வெறும் செல்லம், அன்போடு கண்டிப்பு. அன்பும் இல்லாத, கேள்வியும் இல்லாத நாலாவது வகையை 1983இல் மக்கோபி, மார்ட்டின் என்ற உளவியலாளர்கள் சேர்த்தார்கள். ஜீப்பில் போகிறவர்கள் எல்லாம் அந்த நாலாவது வகை இல்லை. பிள்ளையின் கூட்டாளி யார், இன்று யாரோடு சண்டை என்பதெல்லாம் தெரிந்த அம்மா, பகல் முழுக்க மலையில் இருந்தாலும் கூடவே இருக்கிறவள்தான்.

எரிந்து விழுந்தால் ‘திமிரு’ என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. பெரியவர்களுக்குச் சோகமாக வருவது இந்த வயதில் சிடுசிடுப்பாகவும் வரலாம். ஒரு நாள் கோபத்தைச் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அப்படியே இருக்கிறான், தூக்கம் சாப்பாடு மாறிவிட்டது, பிடித்த விளையாட்டுக்குக்கூடப் போகவில்லை என்றால், அது திமிர் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம்.

அப்புறம், “நீ வளர்த்த லட்சணம்” என்று அம்மா தலையில் போடுவது. 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வந்த ஓர் அலசலில், பிள்ளைகளின் மனச்சோர்வில் காணும் வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தை மட்டுமே வளர்ப்பு முறை விளக்கியது. பரம்பரை, பள்ளி, கேலி, இழப்பு என்று மற்றவை ஏராளம். சோர்ந்த பிள்ளையோடு மல்லுக்கட்டியே கடுகடுப்பாகிப்போன பெற்றோரும் உண்டு. யார் குற்றம் என்று பேசிக்கொண்டிருந்தால் வைத்தியம்தான் தள்ளிப்போகும்.

“இருந்து என்ன ஆகப்போகுது” என்று பிள்ளை சொன்னால் நாடகம் என்று தள்ளாதீர்கள். சாகணும்போலத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றே வெளியேற்றுங்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், மலைக்கு அந்தப் பக்கம் இருந்தும் பேசலாம். நேரில் காட்ட தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும், அன்றைக்கு ஜீப்பும் இல்லை, கூலியும் இல்லை. சரி, போகட்டும். அதையும் பிறகு பிள்ளையிடம் சொல்லிக்காட்டிவிடாதீர்கள்.