கள்ளிச்செடியின் ஹெர்பேரியப் பதிவுகளை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

டர்பனில் நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் அரியோகார்பஸ் ஃபிசுராட்டஸ், டெக்சாஸ், வடக்கு மெக்சிகோ பாலைநிலத்துக் குட்டிக் கள்ளி. முள் கிடையாது, வெடித்த கல்லைப் போலத் தரையோடு தரையாகக் கிடக்கும். உலகெங்கும் ஹெர்பேரியங்களில், அதாவது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் காப்பகங்களில், வைத்திருக்கும் இதன் மாதிரிகளின் விவரங்களை ஜிபிஃப் (GBIF) என்ற உலக உயிரினப் பதிவுத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

கணக்குத் தொடங்கிப் பெயரைத் தேடுங்கள். 'பிரிசர்வ்டு ஸ்பெசிமன்' (காப்பகத்தில் உள்ள மாதிரி) வடிகட்டியைப் போடாவிட்டால் கைப்பேசிப் படங்களும் கலந்து வரும். 1856இல் தாவரவியலாளர் எங்கெல்மன் இதற்கு மாமில்லேரியா ஃபிசுராட்டா என்று பெயர் வைத்தார். பழைய தாள்களில் அந்தப் பெயரைக் கண்டால் வேறு செடி என்று நீக்கிவிடாதீர்கள். 'சிம்பிள்' கோப்பைப் பதிவிறக்குங்கள்.

இனிதான் நிதானம் வேண்டும். தென்னாப்பிரிக்க அமைப்பிலுள்ள விண்டோஸ், தசமத்துக்குப் புள்ளியை அல்ல, காற்புள்ளியை எதிர்பார்க்கிறது. எக்செலில் நேரடியாகத் திறந்தால் 29.25 என்ற அட்சரேகை எண்ணாகவே ஏறாது. கட்டத்தின் இடது ஓரத்தில் எழுத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டதும் கோப்பை மூடிவிடுங்கள். இந்த வேலைக்கு இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ்தான் சிறந்தது என்பேன். திறக்கும்போதே அது கேள்வி கேட்கும்: பிரிப்பான் 'டேப்', எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8, அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளுக்கு 'யூஎஸ் இங்கிலீஷ்' என்று கொடுங்கள். மெக்சிகோ ஊர்ப்பெயர்களும் சிதையாமல் வரும்.

அடுத்து, கழித்தல் குறி. டர்பனில் அட்சரேகைக்குத்தான் கழித்தல், டெக்சாஸ், மெக்சிகோ பக்கம் தீர்க்கரேகைக்கு. டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதி ஏறக்குறைய 29, -103. அந்தக் குறி விழுந்துவிட்டால் கள்ளி சீனாவின் சிச்சுவானில் போய் முளைத்துவிடும்!

ஒருவர் ஒரே சேகரிப்பு எண்ணில் எடுத்த மாதிரிகளைப் பல ஹெர்பேரியங்கள் பங்கிட்டு வைத்திருக்கும். சேகரித்தவர் பெயர், எண், தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒன்றாகவே எண்ணுங்கள். பிறகு க்யூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஏற்றலாம்.

பிற்சேர்க்கை: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தங்கை, பல வரிகளில் அட்சரேகை, தீர்க்கரேகை இடமே காலியாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார். பழைய தாள்களில் ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். சிலவற்றில் திருட்டுக்கு அஞ்சி வேண்டுமென்றே மறைத்திருப்பார்கள். நம் வடக்கு கேப் மாகாணத்தில் கோனோஃபைட்டம் என்ற குட்டிச் சதைப்பற்றுச் செடிகளை வாரிக்கொண்டு போகும் கொடுமையைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்! ஆகவே அந்த இடங்களைத் துருவ வேண்டாம். மாகாணப் பத்தியை மட்டும் வைத்து, டெக்சாஸ், கோவாயீலா என்று வண்ணமிட்டால் போதும்.