டிஜாக்சினும் ஃபியூரோசமைடும் சேரும்போது: வார்டு செவிலியருக்கான கண்காணிப்பு முறை

இதயச் செயலிழப்புள்ள நோயாளியின் கேஸ் ஷீட்டில், இதயத் துடிப்பை மெதுவாக்கி வலுப்படுத்தும் டிஜாக்சினும் சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைடும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பது வார்டில் அன்றாடக் காட்சி. அதனாலேயே இவை சேர்ந்து உண்டாக்கும் ஆபத்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஃபியூரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் குறையும்போது இதயத் தசையின் மீது டிஜாக்சினின் பிடி இறுகுவதால், டிஜாக்சின் அளவு பரிசோதனையில் சரியாக இருந்தாலும் நச்சு விளைவு தோன்றலாம்.

ஒவ்வொரு வேளையும் டிஜாக்சின் மாத்திரை கொடுக்கும் முன், இடப்பக்க ஐந்தாம் விலா இடைவெளியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். இந்நோயாளிகளில் பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) இருப்பதால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பயன்படாது; மணிக்கட்டில் எண்ணுவதும் போதாது, சில துடிப்புகள் அங்கே வந்து சேர்வதே இல்லை. பெரியவர்களுக்குத் துடிப்பு 60க்குக் கீழிருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து, பணியிலுள்ள மருத்துவரிடம் தெரிவித்து, நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். நேற்றுவரை ஒழுங்கற்று இருந்த துடிப்பு இன்று திடீரெனச் சீராகவும் மெதுவாகவும் கேட்டால் அதை முன்னேற்றம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது; அதுவும் நச்சின் அறிகுறியாக இருக்கலாம்.

இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 mmol/Lக்குக் கீழே வந்தாலும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினாலும், அடுத்த வேளைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். டிஜாக்சின் அளவுக்கான இரத்த மாதிரியைக் கடைசி வேளைக்குப் பின் குறைந்தது 6 மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

புதிதாகச் சேரும் மருந்தே பெரும்பாலும் சிக்கலைக் கொண்டுவருகிறது. அமியோடரோன், வெராபமில், கிளாரித்ரோமைசின் ஆகியவை இரத்தத்தில் டிஜாக்சின் அளவை உயர்த்தும். அமியோடரோன் தொடங்கும்போது டிஜாக்சின் டோஸைப் பாதியாக்குவது வழக்கம் என்பதால், பழைய டோஸே தொடர்ந்தால் மருத்துவரிடம் கேட்பது செவிலியரின் கடமை. டிஜாக்சினுக்கு '5/7' (வாரத்தில் ஐந்து நாள் மட்டும்) என்று எழுதப்பட்டிருந்தால் வாரத்தில் எந்த இரண்டு நாள் மாத்திரை இல்லை என்பதை மருந்து அட்டையில் குறித்துவைக்க வேண்டும். வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தாருக்கும் அதைச் சொல்ல வேண்டும்.

பசியின்மை, குமட்டல், குழப்பம், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். முதியவர் சாப்பாட்டை ஒதுக்கினால், வார்டு உணவு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் துடிப்பை எண்ணிப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரை அழைத்து, ஈசிஜி எடுக்க ஏற்பாடு செய்து, கடைசி வேளை கொடுத்த நேரத்தையும் அண்மைய பொட்டாசியம் முடிவையும் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும்.