தண்டர்பேர்டில் மெயில்களைத் தானாகப் பிரிப்பது எப்படி? முதல் ஃபில்டரிலிருந்து தொடங்குவோம்

மெயிலைத் திறந்ததும் முதல் பத்து நிமிடம் எதில் போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். செய்திமடலை இழுத்து ஒரு ஃபோல்டரில் போடுகிறோம். வங்கி அறிவிப்பைப் படித்ததாகக் குறிக்கிறோம். யாரோ கேட்ட அதே கேள்விக்கு அதே பதிலை மறுபடியும் தட்டச்சு செய்கிறோம். கை செய்கிற வேலைதான், தலைக்கு அதில் வேலையே இல்லை. அப்படிப்பட்டதை எல்லாம் மெயில் மென்பொருளிடமே கொடுத்துவிடலாம்.

இங்கே தண்டர்பேர்டை எடுத்துக்கொள்கிறேன். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி இயங்குகிறது. 2004-இல் வந்த 1.0 பதிப்பு தொட்டு இன்றுவரை வளர்ந்துவரும் மென்பொருள். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஃபில்டர் என்பது, நாம் சொன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் மெயிலுக்கு நாம் சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் விதி. தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலரும் முதல் ஃபில்டரிலேயே 'அழி' என்றோ 'வேறு ஃபோல்டருக்கு அனுப்பு' என்றோ கொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். முதல் ஒரு வாரம் ஃபில்டர் மெயிலுக்கு ஒரு நிறக் குறி மட்டும் வைக்கட்டும். சரியான மெயில்களைத்தான் பிடிக்கிறது என்று நம் கண்ணால் பார்த்த பிறகு நகர்த்தச் சொல்லலாம்.

படி 1: ஒரு மெயிலிலிருந்து தொடங்குங்கள்

அடிக்கடி வரும் ஒரு மெயிலைத் தேர்ந்தெடுங்கள். செய்திமடல் என்றால் நல்லது, தவறு நடந்தாலும் நஷ்டமில்லை. மேலே 'மெசேஜ்' மெனுவில் 'கிரியேட் ஃபில்டர் ஃப்ரம் மெசேஜ்' என்று இருக்கும். விண்டோஸில் மெனு வரிசையே தெரியவில்லை என்றால் ஆல்ட் விசையை ஒருமுறை அழுத்துங்கள், வந்துவிடும்.

திறக்கும் பெட்டியில் அனுப்புநரின் முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். மேலே ஃபில்டருக்கு ஒரு பெயர் கொடுங்கள். 'ஃபில்டர் 1' என்று வைத்தால் மூன்று மாதம் கழித்து அது எதற்கென்று நமக்கே புரியாது. 'செய்திமடல்: படிக்கக் காத்திருப்பவை' என்பது போல, செய்யும் வேலையே பெயராக இருக்கட்டும்.

படி 2: நிபந்தனை

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். நிபந்தனைகளுக்கு மேலே இருக்கும் தேர்வுகளில் இரண்டைக் கவனியுங்கள்: 'ஆல்' என்றால் எல்லா நிபந்தனையும் பொருந்த வேண்டும், 'எனி' என்றால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மூன்று செய்திமடல்களை ஒரே ஃபில்டரில் சேர்க்க நினைத்து 'ஆல்' என்றே விட்டுவிட்டால் எதுவும் சிக்காது. ஒரே மெயில் மூன்று பேரிடமிருந்து வர முடியாதே.

அடுத்தது, தலைப்பிலோ முகவரியிலோ நாம் கொடுத்தது இருக்கிறதா என்று பார்க்கும் 'கன்டெய்ன்ஸ்'. இது முழுச் சொல்லைத் தேடுவதில்லை, எழுத்துத் தொடரைத் தேடுகிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வரி தொடர்பான மெயில்கள் ஓரிடத்தில் சேரட்டும் என்று, தலைப்பில் 'வரி' இருந்தால் தனி ஃபோல்டருக்கு அனுப்பும்படி ஒரு ஃபில்டர் போட்டேன். 'முகவரி'யிலும் 'வரி' இருக்கிறது. 'ஜனவரி'யில் இருக்கிறது, 'பிப்ரவரி'யில் இருக்கிறது, 'வரிசை'யிலும் இருக்கிறது. 'என் புதிய முகவரி' என்ற தலைப்பில் நண்பர் அனுப்பிய மெயில் அந்த ஃபோல்டரில் மூன்று வாரம் கிடந்தது. பழைய முகவரிக்கே ஒரு பார்சலை அனுப்பிவிட்டேன். குறி மட்டும் வைக்கச் சொல்லியிருந்தால் மெயில் இன்பாக்ஸிலேயே இருந்திருக்கும், அன்றே பார்த்திருப்பேன்.

எனவே முடிந்தவரை தலைப்பை நம்பாதீர்கள், அனுப்புநரின் முகவரியை நம்புங்கள். தலைப்பு மெயிலுக்கு மெயில் மாறும், முகவரி பெரும்பாலும் மாறாது.

படி 3: செயல்

கீழ்ப்பகுதியில் 'டேக் மெசேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு குறியைக் கொடுங்கள். தண்டர்பேர்டில் முதலிலிருந்தே ஐந்து குறிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். விசைப்பலகையில் 1 முதல் 5 வரை அழுத்தினால் நாமே குறி வைக்கலாம், 0 அழுத்தினால் குறிகள் நீங்கிவிடும். ஃபில்டர் தவறாகக் குறித்ததைத் திருத்துவது அவ்வளவு சுலபம்.

படி 4: பழைய மெயில்களில் சோதனை

புது மெயில் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 'டூல்ஸ்' மெனுவில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' திறங்கள். பட்டியலில் உங்கள் ஃபில்டரைத் தேர்ந்தெடுத்து, கீழே இன்பாக்ஸைக் காட்டி, 'ரன் நவ்' அழுத்துங்கள். நிறம் மாறிய மெயில்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். சம்பந்தமில்லாத ஒன்று சிக்கியிருந்தாலும் நிபந்தனையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அதே பெட்டியில் 'ஃபில்டர் லாக்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் எந்த மெயிலை எந்த ஃபில்டர் தொட்டது என்று பதிவாகிக்கொண்டே வரும். எங்கே போனது என்று தெரியாத மெயிலைக் கண்டுபிடிக்க அதுதான் துணை.

ஒரு வாரம் சரியாக ஓடியதா? சரி, இப்போது ஃபில்டரைத் திறந்து, 'டேக்' செயலுக்குக் கீழே 'மூவ் மெசேஜ் டு' சேர்த்து ஃபோல்டரைக் காட்டுங்கள்.

படி 5: பட்டியலின் உச்சியில் ஒரு காவல்

ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக ஓடும். அதனால் தெரிந்தவர்களின் மெயிலை மற்ற ஃபில்டர்கள் தொடாமல் காக்க ஒரு வழி இருக்கிறது. புதிதாக ஒரு ஃபில்டர் போட்டு, நிபந்தனையில் 'ஃப்ரம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 'இஸ் இன் மை அட்ரஸ் புக்' என்று கொடுங்கள். செயலாக 'ஸ்டாப் ஃபில்டர் எக்ஸிக்யூஷன்'. பட்டியலில் அதை முதல் இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். முகவரிப் புத்தகத்தில் இருக்கும் யார் எழுதினாலும் அந்த மெயில் நேராக இன்பாக்ஸில் நிற்கும். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு நான் முதலில் செய்தது இதைத்தான். எத்தனை ஃபில்டர் வைத்திருந்தாலும் இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுபவர்களுக்கு

பதிலை ஒருமுறை எழுதி, 'ஃபைல்' மெனுவில் 'சேவ் அஸ்' போய் 'டெம்ப்ளேட்' என்று சேமியுங்கள். 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரில் அதை இருமுறை சொடுக்கினால் புது மெயிலாகத் திறக்கும், பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம். ஃபில்டரிலேயே 'ரிப்ளை வித் டெம்ப்ளேட்' என்று ஒரு செயலும் உண்டு. தொடக்கத்தில் அதன் பக்கம் போகாதீர்கள். எதிர்ப்பக்கமும் தானியங்கி பதில் அனுப்பும் முகவரியாக இருந்தால் இரண்டும் மாறி மாறிப் பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வாய்ப்பிருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். இந்த ஃபில்டர்கள் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். கணினி அணைந்திருந்தால் கைபேசியில் எல்லா மெயிலும் கலந்தேதான் தெரியும். எப்போதும் பிரிந்தே வர வேண்டும் என்றால், மெயில் சேவையின் இணையதள அமைப்புகளுக்குள் போய் அங்கேயே ஃபில்டர் போட வேண்டும். இங்கே சோதித்துச் சரிபார்த்த நிபந்தனையையே அங்கே எழுதிவிடலாம்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். அங்கே 'ஃபில்டர்' என்பதற்குப் பதில் 'ரூல்ஸ்' என்று தேடுங்கள், 'டேக்' இருக்கும் இடத்தில் 'கேட்டகரி' இருக்கும். அவுட்லுக்கில் 'குயிக் ஸ்டெப்ஸ்' என்று கூடுதலாக ஒன்று உண்டு: படித்ததாகக் குறித்து, ஃபோல்டருக்கு நகர்த்தி, ஒருவருக்கு ஃபார்வர்டு செய்வது போன்ற பல வேலைகளை ஒரே சொடுக்கில் முடிக்கலாம். எப்போது நடக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் நாமே முடிவு செய்ய விரும்பும் வேலைகளுக்கு, ரூலைவிட இதுதான் எனக்குப் பிடித்தது.