விமானம் துள்ளினால் மூக்கைத் தள்ளாதீர்கள்: தரையிறங்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதும் சின்ன விமானம் ஒரு துள்ளு துள்ளி மேலே போகிறது. முன்கண்ணாடி முழுக்க வானம். பழகுபவரின் கை தன்னையறியாமல் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. விபத்து பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மூக்குச் சக்கரம் முதலில் மோத, விமானம் முன்னைவிட உயரமாகத் துள்ளும். இரண்டு மூன்று முறை இப்படி அடித்தால் அந்தச் சக்கரத்தின் கால் மடங்கி, புரொப்பெல்லர் தரையில் இடிக்கும். அப்புறம் இன்ஜினையே பிரித்துச் சோதிக்க வேண்டியதுதான்.

துள்ளல் சிறியதென்றால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்தால் போதும், விமானம் மெதுவாக உட்காரும். பெரிய துள்ளலா? உடனே முழு த்ராட்டில் (இன்ஜினுக்கு முழு பவர்), கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவது.

துள்ளலுக்கு முக்கியக் காரணம் அதிக வேகம். செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானம் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) முழுக்க இறக்கி வரும்போது 60 முதல் 70 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம் போதும். பயத்தில் பலரும் கூடுதலாக வைத்துக்கொள்கிறார்கள். 65-க்குப் பதில் 75 நாட்டில் வந்தால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து அதைத் தரையில் அமுக்கப் பார்த்தால் மறுபடி மூக்குச் சக்கரம்தான் அடிபடும்.

பார்வையும் முக்கியம். மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் உயரம் பிடிபடாது. சிலர் அதிக உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவார்கள், வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். தரை நெருங்கும்போது கண் ஓடுபாதையின் கடைசிக்குப் போக வேண்டும்.

கோ-அரவுண்டைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அதைத் தோல்வியாக நினைத்து, பாதி ஓடுபாதை போன பிறகும் 'எப்படியாவது இறக்கிவிடலாம்' என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். செய்யும்போதும் கவனம் வேண்டும். முழு பவரில் மூக்கு மேலேயும் இடப்பக்கமும் இழுக்கும். கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முன்னால் அழுத்திப் பிடித்து, வலது ரட்டர் பெடலை (வாலில் உள்ள சுக்கானைத் திருப்புவது) மிதிக்க வேண்டும். பதற்றத்தில் ஃபிளாப் முழுவதையும் ஒரேயடியாக ஏற்றினால் விமானம் அப்படியே அமிழும். 172எஸ்-இல் முதலில் 20 டிகிரிக்கு ஏற்றுங்கள், மீதி படிப்படியாக.

சரி, சக்கரம் பதிந்துவிட்டது என்று கையைத் தளர்த்தவும் கூடாது. பக்கக்காற்று இருந்தால், வேகம் குறையக் குறைய ஐலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) காற்று வரும் பக்கம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விட்டால் காற்றுப் பக்க இறக்கை தூக்கிக்கொள்ளும்.

பயிற்றுநர் "கண்ட்ரோல் என்னிடம்" என்றால் அந்த நொடியே கையை எடுத்து, "கண்ட்ரோல் உங்களிடம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தரைக்கு நாலைந்து அடி மேலே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், சரிசெய்ய உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது.