குறையைக் கேட்காமல் குழுக்கூட்டத்தைத் தொடங்குவது எப்படி?

மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை பார்ப்பவள் நான். களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே "உங்க ஊர்ல என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிடுவார்கள். தண்ணீர், ரோடு, குடி, கடன் என்று ஒரு மணி நேரம் ஓடும். கடைசியில் அத்தனை பேரும் வந்தவர் முகத்தையே பார்ப்பார்கள், தீர்வைப் பையில் போட்டுக் கொண்டுவந்த மாதிரி.

ஊரில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்காக "உங்க திறமை என்ன?" என்றும் கேட்டுவிடாதீர்கள். "எனக்கு என்னங்க தெரியும், வீட்டு வேலைதான்" என்பதோடு பேச்சு முடிந்துபோகும். நான் கேட்பது இதுதான்: "அக்கம்பக்கத்துல உங்களை எதுக்குத் தேடி வருவாங்க?" இதற்கு அநேகமாக எல்லோரிடமும் பதில் இருக்கும். ஆடு குட்டி போட முடியாமல் தவித்தால் ஒரு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். இன்னொருவர் பேங்க் ஃபாரம் நிரப்பித் தருவார். வளைகாப்புக்கு ஐம்பது பேருக்குப் புளிசாதம் கிளறினாலும் உப்பு பிசகாதவர் ஒருவர் இருப்பார். யாராவது வாயே திறக்கவில்லையா, அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுகிறவர்களும் அடுத்தவரைப் பற்றித் தாராளமாகச் சொல்வார்கள்.

சொல்லச் சொல்ல ஒரு சார்ட்டில் எழுதுங்கள். கிரைண்டர், தையல் மெஷின், காலியாகக் கிடக்கும் திண்ணை எல்லாம் அதில் சேரும். அப்புறம் இரண்டு பேரை ஜோடி சேர்க்கும் சின்ன வேலையாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய திட்டம் இப்போது வேண்டாம்.

கடன் கட்ட முடியவில்லை என்ற பேச்சு வந்தால், ஏறக்குறைய அதே வருமானத்தில் ஒழுங்காகக் கட்டுகிற வீடு எது என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் வியட்நாமில், 'சேவ் த சில்ட்ரன்' என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெர்ரி ஸ்டெர்னின் என்பவரும் அவர் குழுவினரும் செய்தது இதுதான். சத்துக்குறைவு பரவலாக இருந்த கிராமங்களில், ஏழை வீட்டில் பிறந்தும் நன்றாக வளர்ந்த குழந்தைகளைத் தேடிப்போனார்கள். அந்த அம்மாக்கள் வயலில் கிடைக்கும் குட்டி இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல தடவை. மற்ற அம்மாக்களுக்கு இதைப் பாடமாக நடத்தாமல், அந்தப் பொருட்களைக் கொண்டுவரச் சொல்லி, கூட உட்கார்ந்து சமைக்க வைத்தார்கள். நம் குழுவிலும் அந்த வீட்டு அக்காவே தன் செலவு நோட்டைக் காட்டிச் சொல்லட்டும், அவருக்குச் சம்மதம் இருந்தால்.

கணக்கு தெரிந்தவர் தலையிலேயே வருஷக்கணக்கில் நோட்டைக் கட்டிவிடாதீர்கள். அவர் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒருவரை உட்கார வையுங்கள்.

இன்னொன்று, "எல்லாம் உங்ககிட்டயே இருக்கு" என்று சொல்லி அரசாங்கத்தின் வேலையை இந்தப் பெண்கள் தலையில் ஏற்றக் கூடாது. குடிநீர்க் குழாய் பஞ்சாயத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சார்ட்டைப் பாருங்கள். மனு எழுதத் தெரிந்தவர் எழுதட்டும், கூட்டத்தில் பயப்படாமல் பேசுகிறவர் வாசிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் எழுந்திருக்க வேண்டும்.