கம்பு சுற்றும் முன் கையை இளக்குங்கள்

சிலம்பம் பழக வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "எத்தனை நாள்ல வேகம் வருமுங்க?" என்றுதான். வேகத்துக்கு முன்னால் இளக்கம் வர வேண்டும். எங்கள் கொங்குப் பக்கம் சிலம்பம் என்றாலே தீரன் சின்னமலை பேச்சு வந்துவிடும். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவரை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் தோளை விறைத்து நிற்கிறார்கள். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் விறைத்த தோளில் கம்பு சுற்றாது.

கம்பு உங்கள் புருவ உயரம் இருந்தால் போதும். நன்றாகக் காய்ந்த மூங்கிலாக, கணு செதுக்கி வழவழப்பாக இருக்கட்டும்.

முதலில் நிற்கப் பழகுங்கள். கால்கள் தோளகலம், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இரண்டு தோளையும் காதுவரை தூக்கி, மூச்சை விட்டபடியே பொத்தென்று கீழே போடுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தாடை இறுகினால் கழுத்து இறுகும், அது அப்படியே கைக்கு இறங்கிவிடும்.

அடுத்து மூச்சு. 4 எண்ணி இழுங்கள், 6 எண்ணி விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும்; அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். மனசை அமைதியாக்க மனசோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஐந்து நிமிடம் இப்படி மூச்சு விட்டால் அதுவே அடங்கும்.

இனி பிடி. நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். "ஏங்கண்ணு, கம்பென்ன ஓடியா போயிரும்?" என்று வாத்தியார் பலமுறை சொல்லியும் என் கை இளகவில்லை. ஒருநாள் கம்பை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போனார். "கற" என்றார். நான் காம்பை இறுக்கிப் பிடித்ததும் மாடு காலை உதறியது. சொட்டுப் பால் வரவில்லை. "பயந்த மாடு பாலை அடக்கிக்கும் கண்ணு" என்றவர், என் கைமேல் தன் கையை வைத்துக் கறந்து காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம்போல் காம்பின் மேல்பக்கத்தை அடைத்தன. பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாக அமுங்கின, உடனே எல்லாம் விட்டன. சொம்பில் சர்ர்ரென்று பால் விழுந்தது.

கம்பையும் அப்படிப் பிடியுங்கள். வளையம் எப்போதும் இருக்கும். மற்ற மூன்று விரல்களும் வேண்டிய நொடியில் மட்டும் அமுங்கி, உடனே விடும். இளக்கம் வேறு, தொய்வு வேறு. கம்பு நழுவி விழுந்தால் அது தொய்வு. கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வீச்சு அங்கேயே செத்துவிடும். இது சிலம்பத்துக்கு மட்டும் உரியதல்ல. 1882-ல் ஜிகோரோ கானோ தொடங்கிய ஜூடோவின் பெயரில் உள்ள 'ஜூ'வுக்கே நெகிழ்வு என்றுதான் பொருள்.

இப்போது சுற்றுங்கள், முடிந்தவரை மெதுவாக. கம்பைப் பார்க்காமல் அதன் சத்தத்தைக் கேளுங்கள். சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி கேட்டால் கை சரி. ஓரிடத்தில் சத்தம் வெட்டினால் அங்கே மணிக்கட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. நின்று, தோளைப் போட்டு, மறுபடி தொடங்குங்கள். இரண்டு வாரம் இதைத் தவிர வேறு வேண்டாம்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் ஆளையே தள்ளும். அந்த நாட்களில் களத்துமேட்டில் பழகிப் பாருங்கள். காற்றை எதிர்த்து மல்லுக்கட்டினால் பத்தே நிமிடத்தில் தோள் கடுக்கும். கம்பு காற்றோடு போகும்போது விட்டுக்கொடுத்து, திரும்பும்போது மட்டும் விரலை அமுக்கினால் எவ்வளவு நேரமும் சுற்றலாம்.

எதிரே ஆள் நிற்கும்போது கண் அவர் கம்பு நுனியில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்ட விடாதீர்கள். பார்வையை அவர் நெஞ்சில் வையுங்கள். தோளும் கையும் காலும் சேர்ந்தே தெரியும். மூச்சு அடைத்துக்கொள்வதை உணர்ந்தால் ஓரடி பின்வாங்கி, அதை நீளமாக விடுங்கள்.

முடித்ததும் உள்ளங்கையைப் பாருங்கள். விரல்களின் அடியில் வரிசையாகக் கொப்புளம் இருந்தால் பிடி இறுகியிருக்கிறது. அது ஆறும்வரை கம்பைத் தொடாமல், நிற்பதையும் மூச்சையும் மட்டும் செய்யுங்கள்.